கை ஒடிந்ததற்கு விளையாட்டா குற்றவாளி?



கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் நாளில் உங்கள் வகுப்பைச் சற்று நோட்டமிடுங்கள். யாராவது ஒருவர் கையில் மாவுக்கட்டுடன் வந்திருப்பார். முதல் மணி அடிப்பதற்குள் அந்த வெள்ளைக் கட்டின்மேல் பெயர்களும் பொம்மைகளும் ஏறிவிடும். கட்டுப் போட்டவருக்கு அன்று ஒரே கொண்டாட்டம், எழுதவும் வேண்டாம்! ஆனால் அவர் வீட்டில் நடந்ததைக் கேட்டுப் பாருங்கள். "மரம் ஏறாதே என்று எத்தனை முறை சொன்னேன்? இனிமேல் விளையாட்டு என்ற பேச்சே கூடாது" என்று தீர்ப்பு வழங்கியாகியிருக்கும். சில பள்ளிகளிலும் இதே கதைதான். ஒரு மாணவனின் கை ஒடிந்தால் அந்த ஆண்டு முழுவதும் கபடி கிடையாது.

இந்தத் தீர்ப்பு சரியன்று என்பது என் கருத்து. பயப்பட வேண்டாத இடத்தில் பயப்பட்டு, பயப்பட வேண்டிய இடத்தில் அலட்சியமாக இருந்துவிடுகிறோம். அந்த அலட்சியத்துக்குத் தன் வலக்கையையே விலையாகக் கொடுத்த என் பள்ளித் தோழன் ஒருவனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் சில செய்திகளை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சிறுவர்களுக்கு எலும்பு முறிவது எவ்வளவு சாதாரணம் தெரியுமா? சுவீடன் நாட்டின் தென்கோடியில் மால்மோ என்றொரு நகரம் உள்ளது. அங்கே எலும்பு முறிந்தவர்கள் பெரும்பாலும் ஒரே மருத்துவமனைக்குத்தான் சென்றார்கள். அங்கு எடுத்த எக்ஸ்ரே படங்களும் பல ஆண்டுகளாகப் பத்திரமாக வைக்கப்பட்டிருந்தன. ஆராய்ச்சியாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? லென்னார்ட் லாண்டின் என்ற மருத்துவர் 1950 முதல் 1979 வரையிலான காலத்தில் குழந்தைகளுக்கு ஏற்பட்ட 8,682 முறிவுகளை ஆராய்ந்து 1983-இல் முடிவுகளை வெளியிட்டார். 16 வயதை எட்டுவதற்குள் 100 சிறுவர்களில் 42 பேருக்கும், 100 சிறுமியரில் 27 பேருக்கும் ஒரு முறையேனும் எலும்பு முறிந்துவிடும் என்று அவர் கணக்கிட்டார். அதாவது, கை ஒடித்துக்கொண்ட பையன் ஏதோ அடங்காப்பிடாரி என்று நினைத்துவிட வேண்டாம். வளர்ந்து முடிவதற்குள் பலருக்கும் வந்து போகிற ஒன்று அது.

உடலில் எந்த இடம் அதிகமாக முறிகிறது? முன்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே. காரணம் எளிது. தடுக்கி விழும்போது நாம் யோசிப்பதில்லை. கை தானாக முன்னே நீண்டு தரையில் ஊன்றிக்கொள்கிறது. முகத்தையும் தலையையும் காப்பாற்றிவிட்டுக் கை அடியை வாங்கிக்கொள்கிறது. நல்ல வியாபாரம்தான்!

எந்த வயதில் அதிகம் என்பதுதான் உங்களுக்கு வியப்பளிக்கும். முன்கை முறிவுகள் உச்சத்துக்குப் போவது பெண்களுக்கு ஏறத்தாழ 11, 12 வயதிலும், ஆண்களுக்கு 13, 14 வயதிலும் ஆகும். கால்சட்டை ஆறே மாதத்தில் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும் வயது அது. 'கிடுகிடு'வென்று உயரும் பருவம். கனடாவிலுள்ள சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 1990-களில் ஒரு கூட்டம் சிறுவர் சிறுமியரை ஆண்டுதோறும் அளந்து பார்த்தார்கள். உயரம் மிக வேகமாகக் கூடும் காலம் முதலில் வருகிறது. எலும்பில் கால்சியம் மிக வேகமாகப் படியும் காலம் அதற்குச் சில மாதங்கள் கழித்தே வருகிறது. இடைப்பட்ட காலத்தில் எலும்பு நீண்டுவிட்டது, ஆனால் இறுகவில்லை. சுவர் எழுப்பியாயிற்று, சிமெண்ட் இன்னும் காயவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பார்த்தீர்களா! எலும்பு இறுகும்வரை பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதானே?" என்று உங்கள் தந்தையார் கேட்கலாம். இங்குதான் தவறு நேர்கிறது. சுவர் சும்மா இருந்தாலே காய்ந்துவிடும். எலும்பு அப்படியன்று. அது உயிருள்ள பொருள். தன்மீது ஏறும் சுமைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு. இதை ஜெர்மானிய அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-இல் விரிவாக எழுதினார். டென்னிஸ் ஆடுபவரின் இரு கைகளையும் அளந்து பார்த்தால், மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றதைவிடத் தடிப்பாக இருக்கும். சிறு வயதிலேயே ஆடத் தொடங்கியவர்களிடம் இந்த வேறுபாடு இன்னும் அதிகம். இதற்கு நேர்மாறான உதாரணம் விண்வெளி வீரர்கள். எடையே இல்லாமல் மிதந்துகொண்டிருப்பதால் அவர்களுடைய இடுப்பெலும்பு மாதத்துக்குச் சுமார் ஒரு விழுக்காடு அடர்த்தியை இழக்கிறது. ஒரு மனிதரின் எலும்பில் சேரும் கால்சியத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, அந்தக் கிடுகிடு வளர்ச்சியை ஒட்டிய இரண்டே ஆண்டுகளில் சேர்கிறது என்று அதே கனடா ஆய்வு கூறுகிறது. ஓடிக் குதித்து எலும்புக்கு வேலை கொடுக்க வேண்டிய அந்த ஆண்டுகளில் பிள்ளைகளை நாற்காலியில் உட்கார வைப்பது, விதைக்கும் பருவத்தில் ஏரைப் பூட்டி வைப்பதற்குச் சமம். (அந்த ஆண்டுகளில் வெயிலும் வேண்டும், உணவும் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. கேழ்வரகுக் கூழைக் கண்டு முகம் சுளிப்பவர்கள் கவனிக்க.)

ஆகவே விளையாட்டை நான் விடுதலை செய்கிறேன். பிறகு யார்தான் குற்றவாளி? அதைச் சொல்வதற்கு, சிறுவர் எலும்பு எப்படி முறிகிறது என்று பார்க்க வேண்டும். குழந்தையின் எலும்பு பெரியவர் எலும்பின் சிறிய அச்சு அன்று. காய்ந்த சுள்ளியை வளைத்தால் 'படக்' என்று இரண்டாகும். வேப்ப மரத்திலிருந்து அப்போதுதான் ஒடித்த பச்சைக் குச்சியை வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் விரிசல் விடும். மறுபக்கம் வளைந்து நிற்கும். பட்டை விட்டுக்கொடுக்காமல் பிடித்திருக்கும். குழந்தை எலும்பும் பல வேளைகளில் இப்படித்தான் முறிகிறது. மருத்துவர்களே இதைப் 'பச்சைக்குச்சி முறிவு' என்றுதான் அழைக்கிறார்கள். குச்சிக்குப் பட்டை போல எலும்புக்கு எலும்புறை; குழந்தைகளுக்கு அது தடித்தும் வலுவாகவும் இருக்கும். இன்னும் லேசான வகை ஒன்று உண்டு. எலும்பு ஒடிவதே இல்லை. அமுக்கப்பட்ட தகர டப்பாவைப் போல ஓரிடத்தில் புடைத்துக்கொள்ளும். இத்தகைய 'புடைப்பு முறிவு', ஒரு எளிய பட்டையைக் கட்டி அசையாமல் வைத்தால் மூன்று வாரங்களில் குணமாகிவிடும்.

இந்தப் புடைப்பு முறிவைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் கட்டு வைத்தியர்களுக்குப் பெரும் புகழ் இருக்கிறது. மூங்கில் பட்டை, முட்டை வெள்ளைக்கரு, உளுந்து மாவு, துணி: இவற்றை வைத்தே எத்தனையோ பேரைக் குணப்படுத்தியதாகச் சொல்வார்கள். பொய்யன்று, குணமானவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அறிவியல் பயிலும் நீங்கள் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கட்டியதால் ஆறியதா, எப்படிக் கட்டியிருந்தாலும் ஆறியிருக்குமா? குழந்தை முறிவுகளில் பல தாமாகவே கூடிக்கொள்பவை. சற்றுக் கோணலாகக் கூடினாலும், வளர வளர எலும்பு தன்னைத் தானே நிமிர்த்திக்கொள்வதும் உண்டு. முறிவு மணிக்கட்டுக்கு அருகில் இருந்து, பிள்ளைக்கு வயதும் குறைவாக இருந்தால், இயற்கை செய்யும் இந்தத் திருத்தம் மருத்துவர்களையே வியக்க வைக்கும். ஆனால் முறுக்கிக்கொண்டு கூடிய எலும்பை இயற்கை இப்படித் திருத்தித் தருவதில்லை. இயற்கை செய்த வேலைக்குக் கட்டியவர் பாராட்டை வாங்கிக்கொள்கிறார். அந்தப் பாராட்டை நம்பி, இயற்கையால் சரிசெய்ய முடியாத முறிவுகளையும் அவரிடமே கொண்டு போகிறோம்.

அப்படிப்பட்ட முறிவுகளில் ஒன்று முழங்கைக்குச் சற்று மேலே ஏற்படுவது. ஐந்து முதல் ஏழு வயதுவரையுள்ள குழந்தைகளிடம் இது அதிகம். அதற்கு மேலும் வரும். கைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியும், விரல்களை இயக்கும் நரம்புகளும் அந்த இடத்தை ஒட்டியே செல்கின்றன. இனி என் தோழன் கதைக்கு வருகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது அவன் கொய்யா மரத்திலிருந்து விழுந்தான். அப்பாவின் அடிக்குப் பயந்து வீட்டில் சொல்லவில்லை. கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு மாலைவரை சமாளித்திருக்கிறான். இருட்டும் நேரத்தில் முழங்கை பூசணிப் பிஞ்சு போல வீங்கவே, பாட்டி கண்டுபிடித்தார். "சுளுக்குதான்" என்று எண்ணெய் போட்டு நீவினார்கள். வலி தாங்காமல் அவன் அலறியதும், பக்கத்து ஊரில் கட்டுப் போடுபவரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். வீக்கத்தின்மேலேயே மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டினார் அவர். இரவெல்லாம் விரல் மரத்துப்போகிறது, எரிகிறது என்று அழுதிருக்கிறான். "எலும்பு கூடுகிறது, அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்" என்றார்களாம். மூன்றாம் நாள் கட்டை அவிழ்த்தபோது விரல்கள் நீலம் பாய்ந்திருந்தன. எலும்பு என்னவோ கூடிவிட்டது. கைதான் கூடவில்லை. மணிக்கட்டு மடங்கி, விரல்கள் பறவையின் நகங்களைப் போலச் சுருண்டுவிட்டன. அழகாக எழுதுகிறவன் என்று பெயர் வாங்கியிருந்தவன், ஆறாம் வகுப்பில் இடக்கையால் 'அ' எழுதப் பழகிக்கொண்டிருந்தான்.

இது எப்படி நேர்ந்தது? முன்கையின் தசைகள் எளிதில் விரியாத உறைகளுக்குள் அடுக்கப்பட்டுள்ளன. அடிபட்டதும் உள்ளே வீக்கம் பெருகுகிறது. வெளியே இறுக்கமான கட்டு. நடுவில் அழுத்தம் ஏறி நுண்ணிய இரத்தக் குழாய்களை நசுக்குகிறது. இரத்தம் இல்லாமல் தசை சுமார் ஆறு மணி நேரம்தான் தாங்கும். பிறகு இறந்து, நாராகச் சுருங்கி, விரல்களைத் தன்னோடு இழுத்துக்கொள்ளும். ஜெர்மனியில் ஹாலே நகரின் மருத்துவர் ரிச்சர்ட் ஃபான் வோல்க்மன் 1881-இலேயே இதை விளக்கி, இறுக்கமான கட்டுகளே காரணம் என்று எச்சரித்தார். சுருண்ட கைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. (இவர் வேறொரு வகையிலும் பெயர் பெற்றவர். பிரான்சுடன் நடந்த போரில் பாரிஸ் முற்றுகையின்போது இராணுவ மருத்துவராக இருந்த இவர், அங்கிருந்தபடியே தேவதைக் கதைகள் எழுதினார். ரிச்சர்ட் லேயாண்டர் என்ற புனைபெயரில் அவை 1871-இல் நூலாக வந்தன.)

நான் கட்டு வைத்தியரை மட்டும் குற்றம் சாட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். மருத்துவமனையில் போட்ட மாவுக்கட்டும் வீக்கம் கூடினால் இதே தீங்கைச் செய்யும். என் தோழன் விஷயத்தில் முதல் குற்றவாளி, அவனை மாலைவரை வாய் திறக்க விடாமல் செய்த அந்தப் பயம். இரண்டாவது, படம் எடுத்துப் பார்க்காமல் 'சுளுக்குதான்' என்று முடிவு கட்டியது. மூன்றாவது, வலி கூடிக்கொண்டே போவதைக் குணமாவதன் அடையாளம் என்று எண்ணியது. உண்மை அதற்கு நேர் எதிரானது. எலும்பை அசையாமல் கட்டி வைத்தபின் வலி படிப்படியாகக் குறைய வேண்டும். கூடினால் அது ஆபத்துக்கு அறிகுறி.

சுளுக்கு என்ற சொல்லைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நீண்ட எலும்புகளின் முனைகளுக்கருகே குருத்தெலும்பாலான மெல்லிய வளர்ச்சித் தட்டு இருக்கிறது. நீங்கள் உயரமாவது அதனால்தான். மூட்டுகளைக் கட்டி வைத்திருக்கும் இணைப்பு நார்களைவிட இந்தத் தட்டு பலம் குறைந்தது. பெரியவர் ஒருவர் கணுக்காலைத் திருகிக்கொண்டால் நார் கிழியும், அதுதான் சுளுக்கு. அதே திருகலில் உங்கள் நார் தாங்கிக்கொண்டு வளர்ச்சித் தட்டு விலகிவிடக்கூடும். கனடாவின் டொரான்டோ நகர மருத்துவர்கள் சால்ட்டரும் ஹாரிசும் 1963-இல் இத்தகைய காயங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். ஐந்தாவது வகையில் தட்டு நசுங்கிவிடுகிறது. முதலில் எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாமல், ஓர் எலும்பு மட்டும் வளராமல் நின்றபோது தெரிந்துகொண்டவர்களும் உண்டு. குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் தெரியாது. அதனால்தான் மருத்துவர் சில சமயம் அடிபடாத கையையும் படம் எடுத்து ஒப்பிடுகிறார். 'நல்ல கைக்கு எதற்கு வீண் செலவு?' என்று சண்டை பிடிக்க வேண்டாம்.

எக்ஸ்ரே என்றதும் ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். ரான்ட்ஜன் அந்தக் கதிர்களைக் கண்டறிந்தது 1895 நவம்பரில். மூன்றே மாதத்தில், 1896 பிப்ரவரி 3-ஆம் நாள், அமெரிக்காவில் டார்ட்மத் கல்லூரியின் பௌதிக ஆய்வுக்கூடத்துக்கு எடி மெக்கார்த்தி என்ற 14 வயதுச் சிறுவன் அழைத்து வரப்பட்டான். உறைந்த ஆற்றின்மேல் சறுக்கி விளையாடியபோது விழுந்து மணிக்கட்டருகே எலும்பை முறித்துக்கொண்டவன். முறிந்த எலும்பு படத்தில் தெரிந்தது. அமெரிக்காவில் நோயாளி ஒருவருக்கு எடுத்த முதல் எக்ஸ்ரே படம் என்று அதைச் சொல்வார்கள். நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கையில் இருக்கும் இந்த வசதியை விட்டுவிட்டு, விரலால் தொட்டுப் பார்த்தே எலும்பின் நிலையை அறிந்துவிடலாம் என்று இன்னும் நம்புவது நமக்கு அழகா?

உங்கள் தோழர் விழுந்து கை வீங்கினால் நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. இழுக்காதீர்கள், நீவாதீர்கள், நேராக்க முயலாதீர்கள். வீக்கம் ஏறுவதற்கு முன் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றிவிடுங்கள். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்த இதழையே மடித்து முன்கைக்குக் கீழே தாங்கலாக வைத்து, துணியால் தளர்வாகக் கட்டி, துண்டைக் கழுத்திலிருந்து தொட்டிலாகத் தொங்கவிட்டுக் கையை அதில் தாங்க வையுங்கள். கை கோணலாக இருந்தால் அந்தக் கோணலிலேயே தாங்க வேண்டும். சாப்பிட எதுவும் கொடுக்க வேண்டாம்; மயக்க மருந்து கொடுக்க நேரலாம். பெரியவர் ஒருவரை அழைத்துக்கொண்டு எலும்பு மருத்துவர் உள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்; வண்டி இல்லையென்றால் 108-ஐ அழைக்கலாம். பிரண்டைத் துவையலை வீடு திரும்பிய பின் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

விழுவதைத் தடுக்க வழியே இல்லையா என்கிறீர்களா? விழுவதைத் தடுப்பது கடினம். விழும் இடத்தை மாற்றுவது எளிது. பௌதிகப் பாடத்தைக் கொண்டு ஒரு கணக்குப் போடுவோம். 30 கிலோ எடையுள்ள பிள்ளை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் அதன் ஆற்றல் 30 × 10 × 1 = 300 ஜூல். சிமெண்டுத் தரையில் ஒரு சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டுமென்றால் விசை 30,000 நியூட்டன். இளகிய மணல் பத்து சென்டிமீட்டர் இடம் கொடுத்தால் 3,000 நியூட்டன்தான். விழும்போது முழங்கையும் தோளும் மடங்கிக் கொடுப்பதால் உண்மையில் வேறுபாடு இவ்வளவு இராது. இருந்தாலும் எந்தத் தரை நல்லது என்பதில் ஐயமில்லை. எனவே சறுக்குமரத்தை அகற்றச் சொல்லும் தலைமையாசிரியரிடம், அதன் அடியில் ஒரு வண்டி மணல் கொட்டச் சொல்லி நீங்கள் விண்ணப்பம் கொடுங்கள். மாதம் ஒருமுறை அதைக் கொத்திவிடும் வேலையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். மழையில் இறுகிய மணல் சிமெண்டுக்குத் தம்பி. பட்டம் விடும் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறதா என்று பாருங்கள். சைக்கிளின் பின்னால் தம்பி தங்கையை உட்கார வைத்தால், அவர்கள் கால் சக்கரக் கம்பிகளுக்குள் போகாதபடி தடுப்பு உண்டா என்று பாருங்கள். சின்னக் குழந்தைகளின் கணுக்காலையும் குதிகாலையும் சிதைப்பதில் அந்தக் கம்பிகளுக்குப் பெரும் பங்குண்டு.

கடைசியாக, மாவுக்கட்டுடன் வந்திருக்கும் உங்கள் வகுப்புத் தோழரிடம் போவோம். உங்கள் விரல் நகம் ஒன்றை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் மறுபடி சிவக்கும். கட்டுக்கு வெளியே தெரியும் அவருடைய விரல் நகத்தையும் அதேபோல் அழுத்திப் பாருங்கள். விரலை நீட்டி மடக்கச் சொல்லுங்கள். மரத்திருக்கிறதா, வலி நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்று கேளுங்கள். எதிலாவது சந்தேகம் வந்தால் உடனே ஆசிரியரிடம் சொல்லி, கட்டுப் போட்ட மருத்துவமனைக்கே அவரை அனுப்பி வையுங்கள். பெயர் எழுதுவதும் பொம்மை போடுவதும் அதற்குப் பிறகு இருக்கட்டும்.